ஓமோன் பிரச்சினை: துருசில் பிழையா, வக்கடையில் பிழையா?

“எனக்கு ஓமோன் பிரச்சினையாம் கா.” மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இந்த ஒரு வசனத்துக்குள் எத்தனையோ வருத்தங்கள் அடங்கிப்போகின்றன. மாதவிடாய் பிந்தினால் ஓமோன், முடி கொட்டினால் ஓமோன், உடம்பு வைத்தால் ஓமோன், கலியாணமாகி இரண்டு வருடத்தில் பிள்ளை இல்லாவிட்டாலும் ஓமோன். கேட்பவர் வாயில் அடுத்த கேள்வி ஆயத்தமாக இருக்கும்: “கூடவா, குறையவா?” கூடினால் குறைக்க ஒரு மருந்து, குறைந்தால் கூட்ட ஒரு மருந்து என்று கணக்கு அத்தோடு முடிந்துவிடும். இந்தக் கணக்கை நம்பித்தான் “ஓமோனைச் சமப்படுத்தும்” தூளும் தேநீரும் போனிலேயே விலைப்படுகின்றன.

கூடவா குறையவா என்பது அரைக் கேள்வி. ஓமோன் என்பது உடம்புக்குள் போகும் ஓர் ஏவல். ஏவல் பிழைத்துப்போனால் அனுப்பிய இடத்தைப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், ‘போதும்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டிய இடத்தையும் பார்க்க வேண்டும். பிழை எங்கே என்று தெரியாமல் ஓமோனைச் சரிப்படுத்த இறங்கினால், நல்லாயிருந்த இடமும் கெட்டுப்போகலாம். அதனால் விஷயத்தை அடியிலிருந்தே பார்ப்போம்.

## வட்டைக்குத் தண்ணீர் வரும் விதம்

படுவான்கரையில் வயல் செய்பவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் உன்னிச்சைக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அம்பாறைப் பக்கத்தவர்கள் சேனநாயக்க சமுத்திரத்தை நினைக்கலாம். குளத்தில் துருசு இருக்கிறது. அதைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி வட்டை முழுக்க ஓடும். வாய்க்கால் எவ்வளவு நிறைய ஓடினாலும் தண்ணீர் தானாக உங்கள் வயலுக்குள் வராது. வரம்பில் வெட்டிய வக்கடை திறந்திருக்க வேண்டும். கடைசி வயல்வரை தண்ணீர் ஏறிவிட்டதா என்று வட்டை விதானை சுற்றிப் பார்ப்பார். ஏறிவிட்டால் துருசை இறக்கச் சொல்வார், ஏறாவிட்டால் இன்னும் தூக்கச் சொல்வார். சிறுபோகத்தில் குளம் வற்றினால் நாள்கணக்கில் முறை வைத்து விடுவார்கள்.

இதில் ஐந்து விஷயங்களை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். துருசு, வாய்க்கால், வக்கடை, விதானை, முறை. கட்டுரையின் கடைசிவரை இவைதான் வரும்.

## ஓமோன் என்றால் என்ன

உடம்பின் ஓர் இடத்தில் உண்டாகி, குருதியில் கலந்து, தூரத்திலுள்ள வேறோர் இடத்துக்கு ‘இதைச் செய்’ என்று ஏவும் இரசாயனப் பொருளே ஓமோன். அதை உண்டாக்கும் உறுப்பு சுரப்பி. ஏவலைக் கேட்கும் கலத்தில் அந்த ஓமோனுக்கென்றே ஒரு புரதம் இருக்கும். அதன் பெயர் வாங்கி. சுரப்பி துருசு, குருதி வாய்க்கால், வாங்கி வக்கடை.

இப்படி ஒன்று உடம்பில் இருக்கிறது என்பதே 1902இல்தான் தெளிவாகத் தெரிய வந்தது. அதுவரை உடம்புக்குள் செய்தி போவதெல்லாம் நரம்பு வழியாக என்றுதான் நினைத்திருந்தார்கள். இலண்டனில் வில்லியம் பேலிஸும் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் குடற்பகுதிக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அந்தக் குடலுக்குள் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். நரம்பு இல்லாமலே, சமிபாட்டு நீரைச் சுரக்கும் சதையி (கணையம்) சுரந்தது. குடலின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த சாற்றைக் குருதியில் ஏற்றினார்கள், அப்போதும் சுரந்தது. குடல் சதையிக்குக் குருதி வழியாகவே சொல்லி அனுப்பியிருக்கிறது.

ஓமோன்கள் எல்லாம் ஒரே மாதிரி நிலைப்பதில்லை. அதிரினலின் குருதியில் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகிவிடும். இன்சுலின் பாதியாக ஏறத்தாழ ஐந்து நிமிடம். தைரொக்சின் பாதியாக ஒரு கிழமை எடுக்கும். ‘என் ஓமோன் எவ்வளவு’ என்று ஒரே ஒரு குருதிச் சோதனையில் பார்க்க முடியாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

வயல் உவமை இங்கே ஓரிடத்தில் உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரைப் பயிர் குடிக்கிறது. ஓமோனைக் கலம் உணவாக எடுப்பதில்லை. சில ஓமோன்கள் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியைத் தொடும், சில உள்ளே போய்த் தொடும். தொட்டவுடன் கலத்துக்குள் வேலை தொடங்கும். ஓமோனின் கடமை அத்தோடு சரி.

## ‘போதும்’ என்று சொல்லுபவர்

உடம்பின் விதானைக்குப் பெயர் எதிர்ப் பின்னூட்டல். ஏவல் நிறைவேறியதும் அந்த நிறைவேறலே ஏவலைக் குறைக்கும் ஏற்பாடு அது. உடம்பின் பெரும்பாலான ஓமோன்கள் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. இதை விளங்காததால் வரும் மிகப் பெரிய குழப்பம் தைரொயிட் ரிப்போர்ட்டில்.

கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி தைரொக்சினைச் சுரக்கிறது. உடம்பு எந்த வேகத்தில் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்பதை ஏவுவது தைரொக்சின். மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி குருதியில் தைரொக்சின் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் ரி.எஸ்.எச். என்ற ஓமோனை அனுப்பி ‘இன்னும் சுர’ என்று தைரொயிட்டை ஏவும். போதுமானால் ரி.எஸ்.எச்.ஐக் குறைத்துக்கொள்ளும்.

இப்போது ஒருவருக்கு ரி.எஸ்.எச். 12 என்று ரிப்போர்ட் வருகிறது. பெரும்பாலான ஆய்வுகூடங்களில் சாதாரண அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. வீட்டில் என்ன சொல்லுவார்கள்? “தைரொயிட் கூடிப்போச்சு.” உண்மை நேர்மாறு. தைரொயிட் வேலை குறைந்ததால்தான் விதானை தொண்டை கிழியக் கத்துகிறார். அந்தக் கத்தலின் அளவுதான் 12. அதேபோல ரி.எஸ்.எச். 0.01 என்று வந்தால் தைரொயிட் குறைந்தது என்று பொருளில்லை. பெரும்பாலும் தைரொக்சின் அளவுக்கு மேல் ஓடுகிறது, விதானை வாயை மூடிவிட்டார். இதைத் தலைகீழாக விளங்கி, ரி.எஸ்.எச். இறங்கியதும் “குறைஞ்சுபோச்சு” என்று குளிசையைக் கூட்டிக்கொள்பவர்களுக்கு நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, உடம்பு மெலியத் தொடங்கும்.

தைரொக்சின் பாதியாக ஒரு கிழமை எடுக்கும் என்றேனே, அதனால் குளிசையின் அளவை மாற்றினால் விதானைக்கு நிலைமை பிடிபட ஆறு கிழமையாவது வேண்டும். பத்து நாளில் போய் மறுபடி குருதி கொடுப்பது காசுக்குக் கேடு.

இதுவரை: சுரப்பி அனுப்புகிறது, குருதி கொண்டுபோகிறது, வாங்கி கேட்கிறது, பின்னூட்டல் அடக்குகிறது. ரிப்போர்ட்டில் ஓர் எண் கூடியிருந்தால் அது ஏவலின் எண்ணா, ஏவலுக்கு வந்த பதிலின் எண்ணா என்று முதலில் பார்க்க வேண்டும்.

## துருசே உடைந்தால்

இது எளிய வகை, விரைவாகச் சொல்லிவிடலாம். சுரப்பி பழுதானால் இல்லாத ஓமோனை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். முதலாம் வகை நீரிழிவில் உடம்பின் சொந்தக் காவற்படையே சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. 1921இல் கனடாவின் டொரொன்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்து, 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு ஏற்றும்வரை இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் பிழைக்கவில்லை. இவர்களுக்கு ஊசி நிற்கக் கூடாது. “ஊசி போட்டால் பழகிப்போகும், பச்சிலை குடி” என்று யாராவது சொன்னால், எந்த உறவாக இருந்தாலும் கேட்கக் கூடாது.

தைரொயிட் குறைவும் பெரும்பாலும் இந்த வகைதான். தைரொக்சின் செய்ய அயடீன் தேவை; இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். அதனால் அயடீன் குறைவு முன்னரைப்போல் முதற்காரணமாக இல்லை. உடம்பின் காவற்படை தைரொயிட்டையே தாக்குவதுதான் இப்போது கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த நிலையில் கடற்பாசித் தூளும் அயடீன் துளியும் கை கொடுக்காது, சிலருக்குக் கூடாததும்கூட.

மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரஜன் குறைவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது போகம் முடிந்து துருசை இறக்கியது. உடம்பு பற்றி எரிவது, நித்திரை முறிவது போன்றவை தாங்க முடியாவிட்டால் வைத்தியம் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

## வக்கடை அடைபட்டால்

நம்மூரில் மிகக் கூடுதலாக நடப்பதும், மிகக் குறைவாக விளங்கப்படுவதும் இதுதான். எடுத்துக்காட்டு இன்சுலின்.

பெரிய ஆள் ஒருவரின் குருதி முழுவதிலும் எந்த நேரமும் கரைந்திருக்கும் குளுக்கோசு ஏறத்தாழ 5 கிராம், ஒரு தேக்கரண்டி. நாம் மத்தியானம் கோப்பையில் போட்டு உண்ணும் சோறு 300 கிராம் என்று வைத்தால் அதில் 80 கிராம் அளவு மாச்சத்து இருக்கும். அது முழுக்கக் குளுக்கோசாகிக் குருதிக்கு வரும். 5 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 80 கிராமைச் சமாளிக்க வேண்டும். சதையி உடனே இன்சுலினை இறக்கும். இன்சுலின் தசைக் கலத்தின் வாங்கியைத் தொடும். தொட்டதும் கலத்துக்குள் ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி, அது அடுத்ததைத் தட்டி, கடைசியில் உள்ளே ஒளிந்திருந்த குளுக்கோசுக் கடத்திகள் மேற்பரப்புக்கு ஏறிவரும். அவை வந்தால்தான் குளுக்கோசு உள்ளே போகும். அதே நேரம் இன்சுலின் ஈரலுக்கும் சொல்லும்: சாப்பாடு வந்துவிட்டது, நீ குளுக்கோசு விடுவதை நிறுத்து.

இந்தத் தட்டுகை நடுவில் தடைப்பட்டால் அதற்குப் பெயர் இன்சுலின் எதிர்ப்பு. வாங்கி இருக்கிறது, இன்சுலினும் இருக்கிறது, ஆனால் கலம் கேட்பதில்லை. முக்கிய காரணங்களில் ஒன்று, கொழுப்பு சேர வேண்டிய தோலடியை விட்டுத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் சேர்வது. தெற்காசியர்களுக்கு இது மெலிந்த உடம்பிலேயே தொடங்கிவிடுகிறது. கை கால் மெல்லிசாக, வண்டி மட்டும் முன்னுக்கு நிற்கும் உருவம். அதனால்தான் எங்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். தராசை விட நாடா கூடுதலாகச் சொல்லும்.

வயல் காய்கிறது என்றதும் விதானை என்ன செய்வார்? வக்கடை அடைபட்டது அவருக்குத் தெரியாது. துருசை இன்னும் தூக்கச் சொல்வார். சதையியும் அதைத்தான் செய்கிறது. இரண்டு மடங்கு இன்சுலினை இறக்கிக் குளுக்கோசை எப்படியோ உள்ளே தள்ளிவிடும். இந்தக் காலம் பல வருடம் நீளலாம். குருதிச் சீனி சாதாரணமாகவே இருக்கும், ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாது. சதையி களைத்துப்போன பின்தான் சீனி ஏறத் தொடங்கும். சீனி வருத்தம் “திடீரென்று” வந்ததாக நாம் சொல்வது அந்த நாளைத்தான்.

“இரவு ஒண்டும் சாப்பிடல்ல, விடிய எப்படி 140?” என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான். இன்சுலின் சொன்னதை ஈரல் கேட்கவில்லை. நீங்கள் தூங்கும்போது அது தன்பாட்டுக்குக் குளுக்கோசு விட்டுக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரமாவது பட்டினி கிடந்து குருதி கொடுத்தும் 126 (ஒரு டெசிலீற்றரில் மில்லிகிராம்) அல்லது அதற்கு மேல் இருந்து, மறு சோதனையிலும் அப்படியே வந்தால் நீரிழிவு. 100க்கும் 125க்கும் நடுவில் என்றால் வக்கடை அடைபட்டு வருகிறது.

வெளியே தெரியும் அடையாளம் ஒன்றும் உண்டு. பிடரியிலும் கமுக்கட்டிலும் தோல் கறுத்து, தொட்டால் தடித்து மிருதுவாக இருக்கும். ஊத்தை என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரும் தேசிக்காயும் போட்டுப் பிள்ளையின் கழுத்தைப் புண்ணாக்குகிறார்கள். கூடிய இன்சுலின் தோற் கலங்களைப் பெருக்குவதால் வருவது அது. தேய்த்துப் போகாது.

## பக்கத்து வயலில் வெள்ளம்

துருசை அளவுக்கு மேல் தூக்கினால் அடைபட்ட வயல் மட்டும் காய்ந்து கிடக்க, வக்கடை நல்லாயிருக்கும் பக்கத்து வயல் தாழும். பெண்களின் சூலகத்தில் நடப்பது இதுதான். தசை இன்சுலினைக் கேட்காவிட்டாலும் சூலகம் கேட்கும். கூடிய இன்சுலின் சூலகத்தை ஏவி, ஆண் ஓமோன் என்று சொல்லப்படும் தெஸ்தெஸ்தரோனைக் கூடுதலாகச் செய்விக்கும். எல்லாப் பெண்களிடமும் கொஞ்சம் இருப்பதுதான் அது. கூடினால் நாடியில் மயிர், முகத்தில் பரு, உச்சியில் முடி கொட்டல். சூலகத்தில் முட்டை முற்றி வெளியேறுவதும் தடைப்படும். மாதவிடாய் ஒழுங்கு கெடும். இந்தத் தொகுதிக்குத்தான் பி.சி.ஓ.எஸ். என்று பெயர். உலகில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100 பேரில் 8 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

முறையும் இங்கே கெடுகிறது. மூளை சூலகத்துக்கு அனுப்பும் ஏவல் ஒரே ஓட்டமாகப் போவதில்லை. விட்டு விட்டுத் துடிப்பாகப் போகும். துடிப்பின் வேகத்தைப் பொறுத்தே எந்த ஓமோன் கூடும், எது குறையும் என்பது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களில் அந்தத் துடிப்பு வேகமாகிவிடுகிறது. அளவு பிழைக்காமல் முறை மட்டும் பிழைத்தாலும் விளைச்சல் கெடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஸ்கேனில் தெரிவதைக் “கட்டி” என்று சொல்லிப் பெண்பிள்ளைகளைப் பயப்படுத்துகிறோம். கட்டியுமில்லை, புற்றுநோயுமில்லை. முற்றாமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள் அவை. வெட்டி எடுக்க வேண்டியதில்லை. ஸ்கேனில் அப்படித் தெரிவதை மட்டும் வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்வதுமில்லை. உடம்பு கூடியவர்களில் நிறையின் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடும். 70 கிலோ என்றால் 3.5 முதல் 7 கிலோ. மெலிந்த பெண்களுக்கும் இது வரும், அவர்களை “இன்னும் மெலி” என்று வதைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலிருந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள், கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும். வைத்தியரைக் காண வேண்டும்.

இதுவரை: இன்சுலின் குறைந்ததால் வந்ததில்லை இந்தக் கோளாறு, கேட்கப்படாததால் வந்தது. கேட்காத இடத்துக்காக ஏவலைக் கூட்ட, கேட்கும் இடங்கள் கெடுகின்றன.

## வக்கடையைத் திறப்பது

இன்சுலின் எதிர்ப்பில் நல்ல செய்தி, அடைப்பு நீங்கக் கூடியது என்பது. எப்படி என்பதில்தான் ஊரில் ஆயிரம் கதை.

முதலாவது நடை. காரணம் சாதாரணமாகச் சொல்லப்படும் ‘கலோரி எரியும்’ என்பது மட்டுமில்லை. தசை சுருங்கும்போது அந்தக் குளுக்கோசுக் கடத்திகள் இன்சுலின் சொல்லாமலே மேற்பரப்புக்கு ஏறிவருகின்றன. வக்கடை அடைபட்டிருந்தாலும் வரம்பில் இன்னொரு வெட்டு விழுந்துவிடுகிறது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் குருதிச் சீனியின் ஏற்றம் குறைவது அதனால்தான். வேலை செய்த தசை அடுத்த ஒரு நாள் இரண்டு நாளுக்கு இன்சுலினையும் நன்றாகக் கேட்கும். அந்தப் பலன் தேய்ந்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கல்லடிக் கடற்கரையில் நடப்பது போதாது.

“நான் வீட்டு வேலை முழுக்கச் செய்யிறன்தானே” என்பார்கள். செய்கிறீர்கள்தான். ஆனால் போடியார் காலத்தில் மண்வெட்டி பிடித்த உடம்பு இப்போது மோட்டார்சைக்கிளில் வயலுக்குப் போய் வரம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறது. சோறு மட்டும் அதே அளவு.

இரண்டாவது ஈரலிலும் தசையிலும் சேர்ந்த கொழுப்பு குறைவது. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்றவர்கள் நிறையில் 7 வீதம் குறைக்கவும் கிழமைக்கு 150 நிமிடம் நடக்கவும் முயன்றார்கள். நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. நீரிழிவுக்குத் தரும் மெட்போமின் குளிசையை எடுத்தவர்களில் 31 வீதம் குறைந்தது. பிரித்தானியாவில் 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் சில மாதம் மிகக் குறைந்த சக்தியுள்ள உணவு மட்டும் எடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 வீதமானோர் மருந்தில்லாமலே நீரிழிவின் எல்லைக்குக் கீழே வந்தார்கள். வீட்டில் தனியாகச் செய்து பார்க்கும் விஷயம் இல்லை அது. இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சீனி ஆபத்தாக இறங்கும்.

சோற்றை விடச் சொல்வது மட்டக்களப்பில் நடக்கிற காரியமில்லை, தேவையுமில்லை. கோப்பையில் சோற்றின் இடத்தைக் கறி பிடிக்கட்டும். மீன், பருப்பு, பொன்னாங்காணி, முருங்கையிலை, கத்தரிக்காய் எல்லாம் இங்கே குறைவில்லை. பிளேன்ரீக்கு மூன்று கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து தரம் என்றால் அது தனிச் சாப்பாட்டுக்குச் சமன். குரக்கன், சிவப்பரிசி என்று மாற்றினாலும் அளவு அளவுதான். “சிவப்பரிசிதானே” என்று இரண்டு கோப்பை உண்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது நித்திரை, இதை யாரும் மருந்தாக மதிப்பதில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சுகதேகிகளான 11 இளைஞர்களை ஆறு இரவு நாலு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களில் தெளிவாகக் குறைந்தது. இரவில் மீனுக்குப் போகிறவர்களும், இரவுப் பணி செய்யும் தாதிமாரும் நடையையும் சாப்பாட்டையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருப்பது அதனால்.

மெட்போமினைப் பற்றி ஒரு சொல். அது முக்கியமாக ஈரல் குளுக்கோசு விடுவதைக் குறைக்கிறது. கிளினிக்கில் இலவசமாகத் தரும் அந்தக் குளிசை “கிட்னியைப் பழுதாக்கும்” என்று பயந்து வீசுகிறார்கள். சிறுநீரகத்தைப் பழுதாக்குவது கட்டுப்படாத சீனி. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வைத்தியர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார் என்பதுதான் அந்தக் கதையின் வேர்.

## வெளியிலிருந்து தண்ணீர் இறைத்தால்

இது எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. அதிரினற் சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கிறது. விடியற்காலையில் உச்சம், நள்ளிரவில் மிகக் குறைவு. குருதியழுத்தம், சீனி, காய்ச்சலோ காயமோ வந்தால் தாங்கும் சக்தி எல்லாம் அதன் கையில். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் குளிசைகள் அதே ஏவலைப் பல மடங்கு சத்தமாகச் செய்பவை. இழுப்புக்கும் சில மூட்டு நோய்களுக்கும் அவை உயிர் காக்கும் மருந்து.

கிழமைக்கணக்கில் எடுத்தால் என்ன நடக்கும்? வாய்க்காலில் யாரோ பம்ப் வைத்துத் தண்ணீர் இறைக்கிறார். வட்டை நிறைந்திருப்பதைக் கண்ட விதானை துருசை முழுக்க இறக்கிவிடுவார். நாள் போகப் போகத் துருசு இறுகிப்போகும். பிறகு ஒரு நாள் பம்பை நிறுத்தினால் வெளித் தண்ணீரும் இல்லை, உள்தண்ணீரும் இல்லை. வாந்தி, மயக்கம், அழுத்தம் விழுதல், சில வேளை மரணம். மூன்று நாலு கிழமைக்கு மேல் ஸ்டீரொய்ட் எடுத்தவர் சட்டென்று நிறுத்தக் கூடாது, வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பழைய மருந்துத் துண்டைக் காட்டி மூட்டுவலிக்கு இதே குளிசையை மாதக்கணக்கில் வாங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். இன்னும் மோசம், பெயரில்லாத வாதத் தூள்கள். குடித்த இரண்டாம் நாளே வலி பறந்து, பசி கூடி, முகம் வட்டமாகப் பொலிந்தால் சந்தோஷப்படாதீர்கள். இப்படிப்பட்ட தூள்களில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. முகத்தை வெள்ளையாக்கும் கிரீம்களிலும் அது இருப்பதுண்டு.

இதன் மறுபக்கமாக, “அதிரினல் களைத்துவிட்டது” என்று சொல்லி விற்கும் சத்துமாத்திரைகள் இப்போது வருகின்றன. அப்படியொரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று 2016இல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதிரினல் உண்மையாகவே பழுதாகும் நோய் வேறு. அது அரிது, மாத்திரை விற்பவரிடம் மருந்தில்லை.

## சோதனையும் குளிசையும்

“எல்லா ஓமோனையும் ஒருக்காச் செக் பண்ணிப் பார்ப்பம்” என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதில் பயன் குறைவு. கோட்டிசோல் காலையிலும் மாலையிலும் வேறு. சூலக ஓமோன்கள் மாதவிடாயின் எத்தனையாம் நாள் என்பதைப் பொறுத்து மாறும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சில தைரொயிட் சோதனைகளில் பொய் எண்ணைக் காட்டும். எடுப்பவர்கள் குருதி கொடுக்குமுன் சொல்லிவிட வேண்டும். கடந்த மூன்று மாதத்துச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. ஓரளவு நம்பகமானது, சீனி ஒட்டிக்கொள்ளும் செங்குழியங்கள் 120 நாள் அளவு வாழ்வதால் அது சாத்தியம்; ஆனால் குருதிச்சோகை உள்ளவர்களில் அதுவும் பிசகலாம்.

தைரொக்சின் குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளோடு நாலு மணி நேர இடைவெளி தேவை, இல்லாவிட்டால் அவை தைரொக்சினைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் கல்சியமும் கொடுக்கிறார்கள் என்பதால் அவர்கள் இதை நன்றாகக் கேட்டுவைக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொக்சின் தேவை.

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கம் நோன்பு காலத்தில் வரும் கேள்வி, குளிசையை எப்போது போடுவது என்பது. தைரொக்சினை இரவு படுக்குமுன், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆன பின் எடுக்கலாம். அல்லது விடியுமுன் உண்ணும் சஹருக்கு அரை மணியாவது முன்னர். நீரிழிவு உள்ளவர்கள், முக்கியமாக இன்சுலின் எடுப்பவர்கள், நோன்புக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்னரே கிளினிக்கில் பேசி அளவை மாற்றிக்கொள்வது நல்லது. நோன்பு நேரத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ பொழுதுபடும் மஃரிப்வரை காத்திருக்காமல் நோன்பை முறிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல்.